பந்து மூட்டுப் பொம்மை சொன்னபடி நிற்க: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையைத் தூக்கி வைத்தால் மெல்ல இறங்கிவிடுகிறது. உட்கார வைத்தால் கால் உதைத்துக்கொண்டு நிமிர்கிறது. நிற்க வைத்தால் முழங்கால் மடங்கி முன்பக்கம் சரிகிறது. பந்து மூட்டுப் பொம்மை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இந்த மூன்றில் ஒன்றையாவது சொல்வார்கள். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் இந்தப் பொம்மைக்கென்று பழுது பார்க்கும் கடை எதையும் நான் பார்த்ததில்லை. வேண்டிய சாமானைக் கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ வாங்கி வந்து, வீட்டிலேயே நம் கையால்தான் செய்ய வேண்டும். பொம்மையோ விலை கூடியது. பெரும்பாலும் ஆர்டர் கொடுத்த பிறகுதான் வார்ப்பார்கள், கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஒரு விரல் உடைந்தாலும் மாற்றுக் கை அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. அதனால் என்ன செய்யலாம் என்பதைவிட, எதைச் செய்யக் கூடாது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தப் பொம்மையின் உடம்பு பாலியூரித்தேன் ரெசின் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. உள்ளே கூடாக இருக்கும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பக்கம் பந்து, மறுபக்கம் குழி. தலையிலிருந்து பாதம் வரைக்கும் ஓர் எலாஸ்டிக் கயிறும், கைகளுக்கு மார்பின் குறுக்கே இன்னொன்றும் ஓடும். முனைகளில் எஸ் வடிவக் கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். திருகு, ஆணி எதுவும் கிடையாது. 19-ம் நூற்றாண்டு ஐரோப்பியப் பீங்கான் முகப் பொம்மைகளிலேயே இப்படி எலாஸ்டிக் கோத்த உடம்பு உண்டு. இன்றைய ரெசின் பொம்மைகளுக்கு வழி திறந்தது 1999-ல் ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த சூப்பர் டால்ஃபி. அதன்பிறகு கொரியாவிலும் சீனாவிலும் எத்தனையோ பேர் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் எலாஸ்டிக், கொக்கி, பந்து, குழி என்ற அடிப்படை மாறவில்லை.

தவறுகளில் பெரியது எலாஸ்டிக்கை இறுக்குவது. பக்கத்து ஊர்க் கல்லூரிப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டதும் இதைத்தான்: "நிக்கவே மாட்டேங்குதுங்கக்கா, இன்னும் கொஞ்சம் டைட் பண்ணிடட்டுங்களா?" கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். தளர்ந்திருப்பதால்தானே விழுகிறது, இறுக்கினால் நிற்கும் அல்லவா? அப்படி இல்லை. எலாஸ்டிக் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. பந்தைக் குழியோடு அழுத்திப் பிடிக்கிறது. அதே சமயம், மடக்கிய மூட்டை நேராக்கவும் இழுக்கிறது. இறுக்கினால் இரண்டும் சேர்ந்தே கூடும். ரெசின் வழவழப்பானது, அதில் உராய்வு குறைவு. அதனால் கடைசியில் இழுப்புதான் ஜெயிக்கும். மடக்கி வைத்த கை படாரென்று நிமிரும், உட்கார்ந்திருந்த பொம்மை தானே எழும்பி மேசையிலிருந்து விழும். மழைக்காலத்தில் ஈரத்தில் உப்பிய கதவைப் பாருங்கள்: எங்கே விட்டீர்களோ அங்கேயே நிற்கும். அதே கதவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்துபோய் இப்படியும் அப்படியும் ஆடும். மூட்டிலும் நமக்கு வேண்டியது அந்தப் பிடிப்புதான், இழுப்பு இல்லை.

ஆகவே கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒவ்வொரு மூட்டாகச் சோதியுங்கள். கையை மணிக்கட்டில் பிடித்து மெதுவாக வெளியே இழுத்து விடுங்கள். சட்டென்று குழிக்குள் போய் உட்கார்ந்தால் எலாஸ்டிக் சரியாக இருக்கிறது. இழுக்கவே வரவில்லை என்றால் இறுக்கம் அதிகம். இழுத்த இடத்திலேயே தொங்கினால் தளர்ந்துவிட்டது. பிறகு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விடுங்கள். எலாஸ்டிக் சரியாக இருந்தும் கை இறங்கினால் குறை உராய்வில். எகிறினால் இழுப்பு அதிகம். இதைப் பார்க்காமல் முழுப் பொம்மையையும் பிரித்துப் போட்டு உட்காருபவர்கள் அதிகம். பெரும்பாலும் ஒரு முழங்காலிலோ இடுப்பிலோதான் பிரச்சினை இருக்கும். புதுப் பொம்மை என்றால் கொஞ்சம் பொறுங்கள். தயாரிப்பாளர்கள் எலாஸ்டிக்கை இறுக்கமாகவே கோத்து அனுப்புவார்கள், சில வாரம் கையாண்டால் தானாக இளகும்.

எலாஸ்டிக் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், தையல் கடையில் பாவாடைக்குப் போடும் பட்டை எலாஸ்டிக்கை வாங்காதீர்கள். அது உள்ளே முறுக்கிக்கொள்ளும், குழியின் விளிம்பில் சிக்கும். உருண்டையாக, நூல் சுற்றியதாக இருக்க வேண்டும். பொதுவாக 60 செ.மீ. பொம்மைக்கு 4 மி.மீ. அல்லது 5 மி.மீ., 40 முதல் 45 செ.மீ. வரை உள்ளதற்கு 3 மி.மீ. அல்லது 4 மி.மீ., 30 செ.மீ.க்கு உட்பட்டதற்கு 2 மி.மீ. அல்லது 3 மி.மீ. சரியாக வரும். கைகளுக்குக் காலைவிட ஓர் அளவு மெல்லியதாகப் போடலாம். அவசரத்துக்கு ரப்பர் பேண்டைக் கோத்து வைப்பது வீண் வேலை. நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே பிசுபிசுத்து அறுந்துவிடும், அறும்போது தலையோ காலோ தரையில்.

பிரிப்பதிலும் கவனம் வேண்டும். டைல்ஸ் தரைக்கு மேலே உட்கார்ந்து செய்யாதீர்கள். கட்டிலில் கனமான துண்டை விரித்து அதன்மேல் செய்யுங்கள். தலையை முதலில் கழற்றி, முகத்தில் வண்ணம் உரசாதபடி மெல்லிய துணியில் சுற்றி அப்பால் வையுங்கள். எலாஸ்டிக் எந்த வழியாகப் போகிறது, கொக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் கொக்கியை விரல் நகத்தால் நெம்பாமல், சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிடித்து இழுங்கள். அது பூட்டிக்கொள்ளும் என்பதால் எலாஸ்டிக் நழுவாது. கழுத்தில் கொக்கி கழன்றவுடன் அந்த வளையத்தில் ஒரு பென்சிலைச் செருகிவிட்டால் எலாஸ்டிக் உடம்புக்குள் ஓடி மறையாது. இவ்வளவுதான், ஆனால் இதைச் செய்யாததால்தான் விரல்கள் உடைகின்றன.

இனி உராய்வைக் கூட்டுவது. இதற்கு நான் முதலில் சொல்வது தோல் ஒட்டும் முறைதான். ஸ்வேட் எனப்படும் மெல்லிய, ஒரு பக்கம் மயிர்ப்பாக இருக்கும் தோலை வட்டமாக வெட்டிக் குழிக்குள் ஒட்டினால், பந்து வழுக்காமல் அதைக் கவ்வி நிற்கும். எளிய வேலைதான், ஆனால் பலர் சறுக்குவதும் இங்கேதான். கனமான தோலை எடுத்துவிடுகிறார்கள். 1 மி.மீ.க்கு மேல் போனால் பந்து குழியில் முழுதாக உட்காராது, மூட்டில் இடைவெளி தெரியும், லேசாகத் தட்டினாலே நழுவி வெளியே வரும். சாயம் போட்ட தோல் இன்னொரு தொல்லை. பழுப்போ கறுப்போ ஒட்டினால் அந்த நிறம் வெளிர் ரெசினில் ஊறும், அப்புறம் போகாது. வெள்ளை அல்லது சந்தன நிறம்தான் பாதுகாப்பு. அதையும் ஈரப் பஞ்சால் துடைத்து, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். எலாஸ்டிக் போகும் துளையை மூடிவிடக் கூடாது. குழி வளைவாக இருப்பதால் தோலின் ஓரத்தில் நாலைந்து சின்ன வெட்டுகள் கொடுத்தால்தான் சுருக்கம் விழாமல் படியும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். நாளைக்கு வேண்டாம் என்றால் ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு உரித்துவிடலாம். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையைப் பொம்மை இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள் என்பேன். அது காயும்போது சுற்றிலும் வெள்ளையாகப் பூக்கும், தோலைக் கல்லாக்கும், எடுக்கப் போனால் ரெசினையும் சேர்த்துக் கெடுக்கும். பசை ஓர் இரவு முழுக்கக் காயட்டும். ஈரத்தோடு எலாஸ்டிக்கைக் கோத்தால் பந்து திரும்பும்போதே தோல் இடம் மாறி மடிந்துகொள்ளும்.

தோலுக்கு இன்னொரு பகை ஈரம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவுதான், மேற்கே போகப்போக எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழையில் சுவரே பூசணம் பிடிக்கும். பத்ரகாளி கோவில் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாட்டோடு தோல்பாவைக்கூத்து ஆடுகிற நாடு இது. தோலால் ஆன எதையும் காற்றுப் படாமல் பூட்டி வைக்கக் கூடாது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொம்மையைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி அலமாரியில் அடைத்தால் மூட்டுக்குள் இருக்கும் தோல் பூக்கும். மழை நாடுகளில் இருப்பவர்கள் இயற்கைத் தோலுக்குப் பதிலாக மைக்ரோஃபைபரில் செய்த செயற்கை ஸ்வேட் துணியைப் பயன்படுத்தலாம். பிடிப்பு கொஞ்சம் குறையும், பூசண பயமும் குறையும்.

தோல் கிடைக்காதவர்கள் சூட்டில் உருக்கிப் பூசும் ஹாட் குளூ பசையைக் குழிக்குள் மெல்லிய படலமாகப் பூசுவார்கள். முறை சரிதான். ஆனால் தடிமனாகப் பூசுவதும், முழுக்க ஆறுவதற்கு முன் பந்தை உள்ளே அமுக்குவதும் தவறு. அமுக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். குறைந்த சூட்டில் இயங்கும் குளூ கன்னே போதும். வினைல் பொம்மையாக இருந்தால் இந்த முறையே வேண்டாம், சூட்டில் அது நெளிந்துவிடும். படலத்தை எடுக்க வேண்டுமானால் ஓரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டால் கிளம்பி வரும். நகப்பாலிஷ் ரிமூவரும் தின்னரும் கூடவே கூடாது: அசிட்டோன் ரெசினின் மேற்பரப்பையே தின்றுவிடும். ஆல்கஹாலும் முக வண்ணத்தில் பட்டால் அழித்துவிடும், அதனால்தான் தலையை முதலிலேயே தள்ளி வைக்கச் சொன்னேன். இன்னொன்று, ஏப்ரல் வெயிலில் பூட்டிய காருக்குள் பொம்மையை விட்டுப் போனால் இந்தப் படலம் இளகிப் பந்தோடு ஒட்டும்.

உப்புத்தாள் விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம், இங்கே கெடுவது பொம்மை மட்டுமல்ல. மூட்டு சரியாகத் திரும்பவில்லை என்றதும் பந்தைத் தேய்த்து அளவு குறைக்கப் பார்க்கிறார்கள். தேய்த்த பந்து குழியில் ஆடும், திரும்பப் பழையபடி ஆக்கவே முடியாது. வார்ப்பில் வந்த பிசிறு, விளிம்பில் துருத்தும் கோடு இவற்றை மட்டும் எடுக்கலாம். அதையும் காய்ந்த நிலையில் செய்யாதீர்கள். ரெசின் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்குள் போனால் கேடு. பெயின்டர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரை, 400-ம் நம்பர் தாளில் தொடங்கி 800 வரை, தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். மூக்கில் என்95 முகக்கவசம். முந்தானையோ துண்டோ கட்டினால் தூள் நிற்காது. சமையலறையில் வேண்டாம், குழந்தைகள் இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

கம்பி வைப்பதையும் சொல்லிவிடுகிறேன். கை கால்களுக்குள் கம்பியைச் செருகினால் பொம்மை எந்த நிலையிலும் நிற்கும் என்று ஆசை காட்டுவார்கள். பாதி உண்மை. கட்டுக்கம்பியைப் போடாதீர்கள், இந்த ஈரத்தில் துருப்பிடித்து ரெசினில் கறை இறங்கும். மெல்லிய அலுமினியக் கம்பி, அதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் உறை, இரு முனைகளும் வளையமாக மடக்கியிருக்க வேண்டும். உறையில்லாத முனை உள்ளே கீறும், எலாஸ்டிக்கை அறுக்கும். எலாஸ்டிக்கை எடுத்துவிட்டுக் கம்பியை மட்டும் நம்பக் கூடாது. மடக்கி மடக்கி ஒரு நாள் கம்பி ஒடியும். தோல் ஒட்டியே சரியாகிவிட்ட மூட்டில் கம்பி தேவையே இல்லை என்பது என் கருத்து.

கீச்சென்று சத்தம் வருகிறது என்று தேங்காய் எண்ணெய் விடுவது, டால்கம் பவுடர் தூவுவது இரண்டையும் கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டும் நாம் தேடும் உராய்வையே குறைக்கின்றன. எண்ணெய் ரப்பரையும் கெடுக்கும். அந்தச் சத்தம் ரெசினும் ரெசினும் உரசுவதால் வருவது. தோல் ஒட்டினால் அடங்கிவிடும்.

கழுவிய பாகங்களை வெயிலில் காயப்போடாதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டால் ரெசின் மஞ்சளாகும், அந்த மஞ்சள் திரும்பாது. மின்விசிறிக் காற்றில் ஆற வைத்தால் போதும்.

கடைசியில், எல்லாம் சரியாக இருந்தும் நிற்காத பொம்மைகள் உண்டு. அங்கே தவறு நிற்க வைப்பதில் இருக்கும். பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். பாதம் தரையில் முழுதாகப் படிந்திருக்கிறதா? முழங்காலை நேராக்கி, இன்னும் ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளினால் பல பொம்மைகளில் அது பூட்டிக்கொள்ளும். பிறகு இடுப்பு, அதன்பின் மார்பு, கடைசியில்தான் தலை. கனமான விக் வைத்தால் எடை மேலே ஏறும், அதற்கேற்ப உடம்பை லேசாகப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். படம் எடுத்து முடிந்ததும் மடக்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விடாமல் நேராகப் படுக்க வையுங்கள். மடங்கிய மூட்டில் எலாஸ்டிக் நீண்டு இழுபட்டபடியே இருக்கும், அப்படி விட்டால் சீக்கிரம் தளர்ந்து, மறுபடி மாற்ற வேண்டி வரும்.