பெற்றோல் விலையை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021 தொடக்கத்தில் இலங்கையில் பெற்றோல் லீற்றர் 137 ரூபா. 2025 பெப்ரவரியில் 309. "இரண்டே கால் மடங்கு ஏறிவிட்டது" என்று கிளிநொச்சிச் சந்தையிலும் சொல்கிறோம், முகநூலிலும் எழுதுகிறோம். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அந்த நாலு வருடத்தில் ரூபாவே தேய்ந்துபோனது இந்தக் கணக்கில் வராது.

வயல் செய்பவர்கள் இதை நெல்லில் போட்டுப் பார்க்கலாம். 2021 காலபோக (மாரிப் போக) அறுவடைக்கு அரசு வைத்திருந்த நாட்டு நெல் கொள்முதல் விலை கிலோ 50 ரூபா. அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 2.7 கிலோ நெல். 2025 காலபோகத்தில் அரசு விலை 120. ஒரு லீற்றருக்கு 2.6 கிலோ. நெல்லால் அளந்தால் பெற்றோல் ஏறவேயில்லை. டீசலோ ஏறியிருக்கிறது. அன்று 104 ரூபா, 2.1 கிலோ நெல். பிறகு 286 ரூபா, 2.4 கிலோ. உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் ஊற்றுவது டீசல்தான். ஆகவே பெற்றோல் விலையை வைத்து வயல்காரரின் செலவைப் பேசுவது பெரிய தவறு. அரசு விலைக்கு நெல்லை விற்க முடியாதவர், தன் கைக்கு வந்த விலையை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, பணவீக்கம் குறைந்தால் விலையும் குறையும் என்று நினைப்பது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், 2023 செப்ரெம்பரில் 1.3 வீதம். 100 ரூபாச் சாமான் 170 ஆகி, அடுத்த வருடம் 172 ஆனது என்பதுதான் இதன் பொருள். ஏறினது இறங்கவில்லை, ஏற்றம் மெதுவானது, அவ்வளவுதான். 2021 செப்ரெம்பரில் 157 ரூபா விற்ற பெற்றோல் மற்றச் சாமான்களோடு சேர்ந்து ஏறியிருந்தால் 2023 செப்ரெம்பரில் 270 ரூபா அளவில் நின்றிருக்கும். விற்றது 361. உண்மையான விலையேற்றம் இந்த இடைவெளிதான். இன்னொன்று: அந்தச் சுட்டெண் கொழும்பு வீடுகளின் செலவை அளப்பது. முல்லைத்தீவுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் முழு இலங்கைக்குமான தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண்ணை எடுப்பதே முறை.

2022 ஜூனின் 470 ரூபாவை அடியாக வைத்து "இப்போது மலிவு" என்று சொல்வதும் சரியல்ல. அது நெருக்கடியின் உச்சம்; அந்த விலைக்கும் வரிசையில் கிடந்தவர்களுக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. 92 ஒக்டேன் ரகப் பெற்றோலை விலைகூடிய 95 ஒக்டேன் ரகத்தோடு ஒப்பிடவும் கூடாது. அமெரிக்க விலையை எடுத்தால் அவர்களுடைய கலன் 3.785 லீற்றர், நம் பழையவர்கள் சொல்லும் கலன் 4.546 லீற்றர். பணம் தேய்ந்ததை மறக்கும் சிக்கல் அங்கேயும் இருக்கிறது. 2022 ஜூனில் கலன் 5 டொலரைத் தாண்டியபோது வரலாறு காணாத விலை என்றார்கள். 2008 ஜூலையின் 4.11 டொலரை 2022இன் பணமதிப்புக்கு மாற்றினால் 5.50 டொலர் வரும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு உள்ளிட்ட எங்கள் வன்னிக்கு மட்டும் உரிய தவறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொண்ணூறுகளின் பெற்றோல் விலை என்று அரசாங்கப் பட்டியலை எடுத்து, பணவீக்கத்தையும் சேர்த்து, எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும் அது எங்கள் விலை ஆகாது. போர்க்காலத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள் இருந்த சனத்துக்கு அந்த விலையில் எரிபொருள் கிடைக்கவில்லை. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. வன்னி ஊடாகக் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மறுபடி பூட்டப்பட்டது. தடை இருந்த வருடங்களுக்கு ஒப்பீடு வேண்டுமென்றால், போத்தலில் வாங்கியவர்களிடமும் விற்றவர்களிடமும் கேட்டு, அன்றைய நாட்கூலியையும் சேர்த்து எழுத வேண்டும். அவர்களில் பலர் இன்னும் புதுக்குடியிருப்பிலும் மாங்குளத்திலும் இருக்கிறார்கள்.