டன் கணக்குக்கு முன்னால் வீட்டுக்காரர்களிடம் கேட்க வேண்டியவை

வேலூரில் சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "பத்துக்குப் பன்னிரண்டு ரூம், எத்தனை டன் ஏசி போடணும்?" தொழிலுக்கு வந்த புதிதில் உடனே பதில் சொல்லிவிடுவேன். இப்போது சொல்வதில்லை.

காரணம் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீடு. கணக்குப்படி ஒன்றரை டன் சரியாகத்தான் இருந்தது. கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனபோது, அந்த வீட்டுப் பெரியம்மா ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். "காத்து நேரா முட்டியில வந்து விழுதுப்பா, ராத்திரி பூரா குடையுது" என்றார். அந்த ஏசியை வாங்கியதே அவருக்காகத்தான். மகன் விலை கேட்டார், நான் அறையை அளந்தேன், பெரியம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் நான் பின்பற்றும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் பயன்படும்.

படி 1: அறையில் இருக்கப்போகிறவரிடம் பேசுங்கள்

பணம் கொடுப்பவர்தான் நம்மிடம் பேசுவார். பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் வேறு ஒருவராக இருப்பார். சி.எம்.சி. மருத்துவமனையில் இரவு டூட்டி பார்க்கும் நர்ஸ் இருக்கும் வீட்டில், தூக்கமே காலை பத்து மணிக்குத்தான் தொடங்கும். வெயில் ஏறி உச்சிக்குப் போகும் நேரம் அது. அந்த அறைக்கும் ராத்திரி மட்டும் படுக்கும் அறைக்கும் ஒரே கணக்கு போட முடியாது. வயதானவர்களுக்கு வியர்வை குறைவு, உடம்பு சூடேறுவதே அவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும். தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்குச் சீக்கிரம் குளிரும். மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ள பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு தகிக்கும். இதையெல்லாம் நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், "ராத்திரி போர்வை யார் போர்த்திக்கொள்வார்கள், யார் உதறிவிடுவார்கள்?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

படி 2: அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி. உடம்புக்கு இதமாக இருக்கிறதா இல்லையா என்பதை ஆறு விஷயங்கள் முடிவு செய்கின்றன: காற்றின் வெப்பம், சுற்றியுள்ள சுவரும் கூரையும் விடும் சூடு, ஈரப்பதம், காற்றோட்டம், உடுத்தியிருக்கும் துணி, செய்யும் வேலை. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்பவர் 1970-இல் இவற்றை வைத்துத்தான் ஒரு கணக்குமுறை வகுத்தார். ஏசி ரிமோட்டில் தெரியும் எண்ணுக்கு இந்த ஆறில் முதலாவது மட்டும்தான் தெரியும்.

ஆனால் நம் ஊர்ப் பேச்சு இவற்றை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. "புழுக்கமா இருக்கு" என்றால் ஈரப்பதமும் காற்று ஓடாததும்தான் பிரச்சினை. அந்த அறைக்குப் பெரிய ஏசி போட்டால் இன்னும் கெடும். சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது, உடம்பு பிசுபிசுவென்றே இருக்கும். "அனல் அடிக்குது" என்றால் வெளிக்காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது. மேற்குப் பார்த்த ஜன்னலைப் பாருங்கள். "வெக்கை தாங்கல, ஃபேன் போட்டாலும் சூடாத்தான் வருது" என்றால் தலைக்கு மேலே இருக்கும் தளத்தைத்தான் சொல்கிறார்கள்.

"சூடா இருக்கு" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். எந்த நேரம், எந்த இடம் என்று இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்.

படி 3: ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள்

பகலில் அளவெடுக்கப் போவது எல்லாரும் செய்வதுதான். மாடி வீடாக இருந்தால் இருட்டிய பிறகும் போங்கள். ஒரு ஸ்டூல் மேல் ஏறி, உள்ளங்கையைக் கூரையில் வையுங்கள். கத்திரி வெயில் நாளில், தோசை சுட்டு இறக்கிய கொஞ்ச நேரத்தில் கல்லைத் தொட்டது போல வெதுவெதுப்பு தெரியும். பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் இப்போதுதான் உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. அறையின் காற்று 26 டிகிரிக்கு வந்த பிறகும், படுத்திருப்பவர் முகத்தில் அந்தச் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் மேற்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் அதே கையால் தொட்டுப் பாருங்கள். வீட்டுக்காரரையும் தொடச் சொல்லுங்கள். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொன்னால், அதற்கப்புறம் யாரும் மறுப்பதில்லை.

படி 4: கட்டில், தலைமாடு, பூஜை அறை

அறையின் படம் ஒன்று கையால் வரையுங்கள். கட்டில் எங்கே, தலை எந்தப் பக்கம், பிள்ளை படிக்கும் மேசை எங்கே. காற்று யார் மேலும் நேராக விழாதபடி ஏசிக்கு இடம் குறியுங்கள். சாமி விளக்கு இருக்கும் பக்கம் காற்று போகக்கூடாது என்பார்கள், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: இப்போது கருவியைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் கூரையும் ஜன்னலும், அடுத்து ஃபேன், கடைசியில்தான் ஏசி. சித்திரை, வைகாசி மதியங்களில் நம் பக்கம் காற்று வறண்டிருப்பதால் ஏர்கூலர் நன்றாக வேலை செய்யும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் அதே கூலர் புழுக்கத்தைக் கூட்டும். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி விதி இருக்கிறது. மெதுவாக ஃபேனையும் சுழலவிட்டால் பலருக்கு 26, 27 போதும். இரண்டு மாத கரண்ட் பில் எவ்வளவு வரை தாங்குவார்கள் என்பதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஏலகிரியில் வீடு கட்டும் ஒருவர் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் கேட்டு வந்தார். அவரிடமும் இதே கேள்விகள்தான். "விடியக்காலம் தரையில கால் வைக்க முடியல" என்றார். அவர் சொன்னது தரையின் குளிர்ச்சியை. கட்டிலடியில் கனமான கம்பளம் போட்டு, ஜன்னல் இடுக்குகளை அடைத்ததும், அவர் நினைத்ததில் பாதி அளவு ஹீட்டரே போதுமாக இருந்தது.

படி 6: பத்து நாள் கழித்துத் திரும்பப் போங்கள்

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "ராத்திரி எழுந்து ரிமோட்டைத் தேடினீங்களா?" என்று கேளுங்கள். எல்லாரையும் ஒரே அறையில் திருப்திப்படுத்த முடியாது. ஃபாங்கரின் கணக்கிலேயே, எவ்வளவு சரியாக அமைத்தாலும் நூற்றில் ஐந்து பேருக்கு அது பிடிக்காது. அந்த வீட்டில் அப்படிப்பட்டவர் யார் என்று தெரிந்தால் அவர் கட்டிலை நகர்த்தலாம், தனி ஃபேன் கொடுக்கலாம்.

சத்துவாச்சாரி வீட்டில் ஏசியைக் கழற்றிப் பக்கச் சுவருக்கு மாற்றினேன். கூலி வாங்கவில்லை. பெரியம்மா இப்போது உள்ளேதான் படுக்கிறார், காலில் மட்டும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு.