ஜெர்மானிய மொழிகளின் வினையடுக்கை ஒப்பிடுவது எப்படி?

டச்சும் ஜெர்மனும் துணைவாக்கியத்தின் வினைகளை இறுதியில் அடுக்குகின்றன. ஆனால் அடுக்கும் வரிசை மொழிக்கு மொழி மட்டுமன்றி ஊருக்கு ஊரும் மாறுகிறது. அதைப் பதிவுசெய்யத் தாளும் பென்சிலும் போதும். புள்ளியியல் மென்பொருளைத் தொடக்கத்திலேயே திறப்பது வீண்வேலை என்பது என் கருத்து.

முதலில், மூன்று வினைகள் உள்ள துணைவாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்மை வாக்கியம் உதவாது. அதில் முற்றுவினை இரண்டாமிடத்துக்குப் போய்விடும்.

அடுத்தது எண்ணிடுதல்; பலரும் தடுமாறுவது இங்கேதான். எண், வினை நிற்கும் இடத்தைக் காட்டுவதன்று. எந்த வினை எதை ஆள்கிறது என்பதைக் காட்டுவது. முற்றுவினைக்கு 1, அது ஆளும் துணைவினைக்கு 2, அத்துணைவினை ஆளும் முதன்மைவினைக்கு 3. ஜெர்மனின் 'கெமஹ்ட் ஹாபென் முஸ்' என்பதில் 'வேண்டும்' எனப் பொருள்படும் 'முஸ்' கடைசியில் நின்றாலும் அதுவே 1 என்பதால், வரிசை 3-2-1. தமிழின் 'செய்திருக்க வேண்டும்' என்பதும் இதே வரிசையில் அமைவதால், இடமிருந்து வலமாக 1-2-3 என்று எழுதிவிடவே நம் கை முனையும். உண்மையில் 1-2-3 ஆக இருப்பது டச்சின் 'மூட் ஹெபென் ஹெமாக்ட்'. ஐயம் வந்தால் எழுவாயைப் பன்மையாக்கிப் பாருங்கள்: 'முஸ்' 'ம்யூஸென்' ஆகும், மற்ற இரண்டும் அசையா, மாறுகிற வினையே 1.

இனி கிளைமொழித் தரவு. ஆம்ஸ்டர்டாமின் மீர்டென்ஸ் ஆய்வு நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் டச்சுக் கிளைமொழித் தொடரியல் நிலப்படத்தையே நான் பரிந்துரைப்பேன். நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்சின் வடகோடி ஆகியவற்றில் 267 ஊர்களில் திரட்டப்பட்டு, 2005, 2008 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த தரவு இது. மேற்கண்ட மூவினை அடுக்குக்குக் கணக்குப்படி ஆறு வரிசைகள் இருக்கலாம். அவற்றுள் 1-2-3, 1-3-2, 3-1-2, 3-2-1 ஆகிய நான்கே அங்கு பதிவாகியுள்ளன. நீங்களே தரவு திரட்டுவதானால் பொதுமொழியில் கேள்வி கேட்காதீர்கள். பேசுபவர் தம்மையறியாமல் பொதுமொழிக்குச் சாய்ந்துவிடுவார். அவ்வூர்ப் பேச்சிலேயே கேட்கக்கூடிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: ஜெர்மன் எப்போதும் 3-2-1 தானா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இல்லை. 'செய்ய விரும்பியிருக்கிறார்' என்னும் பொருளுள்ள துணைவாக்கியம் 'ஹாட் மஹென் வொலென்' என்று 1-3-2 ஆக முடியும். 'வொலென்' அங்கே இறந்தகால எச்சவடிவத்தில் வராமல் மூலவடிவிலேயே நிற்பதும், 'ஹாட்' முன்னே வருவதும் சேர்ந்தே நிகழ்கின்றன. ஆகவே உங்கள் அட்டவணையில் மொழிக்கு ஒரு வரிசை என்று எழுதாமல், வினைச்சேர்க்கை ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை வையுங்கள்.