தோள்பட்டைப் பயிற்சி: கழுத்து நோ கூடுவது எதனால்?

கழுத்து நோவுக்கு நான் தோள்பட்டைப் பயிற்சி சொல்லிக்கொடுத்த, கொக்குவிலில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் பத்தாம் நாளே திரும்பி வந்தார். "நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்யிறன் தம்பி, நோ கூடிப் போச்சு" என்றார். செய்து காட்டச் சொன்னேன். கதிரையில் நிமிர்ந்தார், மூச்சைப் பிடித்தார், இரண்டு தோளையும் காதுவரை தூக்கிப் பின்னால் இறுக்கினார். நாடி முன்னால் நீண்டது. அவர் வேலை வாங்கியது தோள்பட்டையை அல்ல, நொந்துகொண்டிருந்த கழுத்தைத்தான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். தோள்பட்டை எலும்பை, அதாவது மேல்முதுகில் தட்டையாக இருக்கும் எலும்பை, உடம்போடு எலும்பாகப் பிணைப்பது கழுத்தடியில் முன்பக்கம் குறுக்கே ஓடும் காறை எலும்பு மட்டும். மற்றதெல்லாம் தசையின் பிடி. தோள்பட்டை எலும்பின் மேல் மூலையிலிருந்து ஒரு தசை கழுத்தின் முதல் 4 முள்ளெலும்புகள் வரை ஏறுகிறது. நடுமுதுகிலிருந்து அந்த எலும்பைத் தாங்கும் தசைகள் சோர்ந்தால், கையின் பாரம் நாள் முழுக்க மேலே உள்ள தசைகளில் தொங்கும். கீழே உள்ளவற்றை எழுப்பத்தான் பயிற்சி. தோளைத் தூக்கினால் ஏற்கெனவே களைத்த தசைக்கே மறுபடி வேலை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வலது தோளுக்குச் செய்யும்போது, இடது கை விரல்களை வலப்பக்கம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள சதையில் மெதுவாக வையுங்கள். தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியை முதுகெலும்புப் பக்கமாக, சற்றே கீழ்நோக்கி நகர்த்துங்கள். ஒரு விரல் அகலம் நகர்ந்தாலே போதும். விரலுக்குக் கீழே சதை கல்லாகினால் விட்டுவிட்டு, பாதிப் பலத்தில் மறுபடி தொடங்குங்கள். சதை மெத்தென்றே இருந்தால் சரி. மூச்சு விட்டபடி 10 விநாடி பிடித்து, 10 தடவை செய்யலாம். பார்ப்பவருக்கு நீங்கள் பயிற்சி செய்வதே தெரியக்கூடாது.

'கீழ்நோக்கி' என்றதும் சிலர் தோளை வலிந்து அமுக்குகிறார்கள். இயல்பிலேயே தோள் சரிந்தவர்களுக்கு இது ஆகாது. கழுத்துத் தசையும் கைக்குப் போகும் நரம்புகளும் இன்னும் இழுபடும். அவர்கள் முதலில் தோளைச் சற்று உயர்த்தி, அந்த இடத்திலேயே பிடித்துப் பழக வேண்டும்.

சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சியில், தோள்பட்டை கோழிச் செட்டைபோல் வெளியே துருத்துகிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். துருத்தினால் சுவருக்குக் கிட்ட நில்லுங்கள், பாரம் குறையும்.

நோவெண்ணெய் பூசுவதை நான் தடுப்பதில்லை, இதமாக இருக்கும். ஆனால் சலூனில் முடி வெட்டிய பிறகு கழுத்தைச் சொடுக்க விடாதீர்கள். அப்படிச் சொடுக்கியதில் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கேட்கும்போதே எனக்குப் பதறும்.

3 மாதத்துக்கு மேல் இருந்த நோ 3 நாளில் போகாது. 6 வாரமாவது விடாமல் செய்யுங்கள். செய்த பிறகு இலேசான உளைவு இருக்கலாம். மறுநாளும் நோ கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள்.

கை விறைத்தாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ, விழுந்த பிறகு தொடங்கிய நோ என்றாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ பயிற்சி வேண்டாம். முதலில் வைத்தியரைப் பாருங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவும் இருக்கிறது.

அப்புறம், அந்த அக்காவுக்கு நேரம்தான் பிரச்சினை. பள்ளிக்கூடச் சட்டை தைக்கும் காலத்தில் காலையும் மாலையும் ஒதுக்க முடியாது என்றார். பொபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை செய்யச் சொன்னேன். கதிரைக்கு ஒரு பலகையும் போட்டு உயர்த்தினோம். தைக்கும்போது தோள் தானாக மேலே ஏறுவது நின்றது.