மியூவானின் ஆயுளைத் தாளில் கணக்கிடுவது எப்படி?

துகள் இயற்பியலில் கோட்பாட்டுப் பக்கம் போக நினைப்பவர்கள் பலரும் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். புத்தகம் அப்புறம் பார்க்கலாம், ஒரு தாளையும் பேனாவையும் எடுங்கள். பக்கம் பக்கமாக நீளும் கணக்கில் இறங்கும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று பார்த்துக்கொள்வது இந்தத் தொழிலின் அன்றாடப் பழக்கம், அதற்கு எலக்ட்ரானின் கனமான உறவினரான, கொஞ்ச நேரத்தில் சிதைந்துவிடும் மியூவானைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஒளியின் வேகத்தையும் குறைத்த பிளாங்க் மாறிலியையும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி நிறைக்கும் ஆற்றலுக்கும் ஒரே அலகு, ஜிஇவி (கிகா எலக்ட்ரான் வோல்ட்). நேரம் அதன் தலைகீழ், அதாவது 1 ஜிஇவியின் தலைகீழ் என்றால் 6.58 × 10⁻²⁵ வினாடி. மியூவானின் நிறை 0.1057 ஜிஇவி. அது ஒரு எலக்ட்ரானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைகிறது. சிதைக்கும் விசையின் வலிமையைச் சொல்வது ஃபெர்மி மாறிலி, 1.166 × 10⁻⁵, அலகு ஜிஇவி⁻². நிகழ்தகவு என்பது வீச்சின், அதாவது குவாண்டம் கணக்கில் ஒரு நிகழ்வுக்குக் கிடைக்கும் எண்ணின் வர்க்கம், அந்த எண்ணில் ஃபெர்மி மாறிலி ஒருமுறை வருகிறது, ஆகவே மாறிலியும் வர்க்கமாகத்தான் வரும், அலகு ஜிஇவி⁻⁴ ஆகிவிடும். ஆனால் சிதைவு வீதத்தின் அலகு வெறும் ஜிஇவி. எலக்ட்ரான் 200 மடங்கு லேசானது, அதை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது மியூவானின் நிறை மட்டும், அது ஐந்தாம் அடுக்கில் வந்தே தீரவேண்டும். துகள் கணக்குகளுக்குப் போடும் ஃபைன்மன் வரைபடம் ஒன்றுகூடப் போடாமல் இவ்வளவு தெரிந்துவிடுகிறது, எத்தனை முறை செய்தாலும் எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

சரி, எண்களைப் போடுங்கள், வீதத்தின் தலைகீழ்தான் ஆயுள். ஆயுள் 0.37 நானோ வினாடி என்று வரும். அளந்த மதிப்போ 2.2 மைக்ரோ வினாடி, கிட்டத்தட்ட 6000 மடங்கு அதிகம்! பயப்பட வேண்டாம், மூன்று துகள்கள் ஆற்றலைப் பங்குபோடும் வழிகளை முறையாகத் தொகையிட்டால் வீதத்தின் கீழே 192π³ வந்து நிற்கும், அதன் மதிப்பு 5953. இரண்டு, மூன்று π-களை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதும் இதிலேயே தெரியும்.

அடுத்து மியூவானைவிடவும் கனமான இன்னொரு உறவினர், டாவ் துகளை நீங்களே செய்து பாருங்கள். நிறை 1.777 ஜிஇவி, ஐந்தாம் அடுக்கு என்பதால் வீதம் சுமார் 13.5 லட்சம் மடங்கு கூடும். அதோடு நிறுத்தினால் ஆயுள் பெரிதாக வரும், ஏனென்றால் டாவுக்கு எலக்ட்ரான் வழி, மியூவான் வழி தவிர குவார்க் வழியும் உண்டு, குவார்க்குக்கு மூன்று ‘நிறங்கள்’ (மின்னூட்டம் போன்ற ஒரு பண்பின் மூன்று வகைகள்), ஒவ்வொன்றும் ஒரு வழி, ஆக மொத்தம் ஐந்து. ஐந்தால் வகுத்தால் சுமார் 330 பெம்டோ வினாடி (1 பெம்டோ வினாடி என்றால் 10⁻¹⁵ வினாடி), அளந்தது 290. மிச்ச வித்தியாசத்தில் பெரும்பங்கு குவார்க்குகளுக்கு இடையிலான வலிய விசையின் திருத்தம், அதைக் கணக்கிடத்தான் புத்தகம் வேண்டும்.