லாரி பிரேக் டிரம்மில் ஒரு வைஸ் ஸ்டாண்டு

காரை நிறுத்திய பிறகு எங்கள் வீட்டு ஷெட்டில் மிஞ்சுவது ஒரு மூலைதான். சுவரிலிருந்து 70 செ.மீ. அகலம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். அங்கே மேஜை போட முடியாது. மேஜை இல்லாமல் வைஸ் (வேலைத் துண்டைத் தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்கும் கருவி) மாட்ட முடியாது. அதனால் அப்பா வைத்திருந்த 125 மி.மீ. வைஸ் பல வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நானோ கோயம்புத்தூரில் 24 வருஷம் பம்ப் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். வீட்டில் ஒரு கீலுக்கு அரம் போட வேண்டுமானால்கூடப் படிக்கட்டில் உட்கார்ந்து காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு போட்டேன். ஒருநாள் போதும் என்று தோன்றியது.

ஒற்றைக் கால் ஸ்டாண்டு செய்வது என்று முடிவெடுத்தேன். அடியில் கனம், நடுவில் ஒரு சதுரக் குழாய், மேலே தகடு, தகட்டின் மேல் வைஸ். குழாயைச் சுற்றி வெறுமனே கிடக்கும் இடத்தில் என் கிளாம்ப் எல்லாம் தொங்கும். வேலை செய்பவருக்கு வைஸும் கிளாம்பும் கைக்கெட்டும் தூரத்தில் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் தேடி நடப்பதுபோல எரிச்சல் வேறில்லை.

முதலில் உயரம். இதில் மட்டும் யாருடைய அளவையும் கடன் வாங்காதீர்கள். நிமிர்ந்து நின்று, கையை மடக்கி, முஷ்டியை முகவாய்க்குக் கீழே வையுங்கள். முழங்கை நுனி எங்கே இருக்கிறதோ அதுதான் வைஸ் தாடையின் மேல்மட்டம். ஐடிஐயில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள். எனக்கு அது 104 செ.மீ. இதைவிடத் தாழ்ந்தால் அரம் போடும்போது முதுகு பிடித்துக்கொள்ளும். உயர்ந்தால் தோள் வலிக்கும், அரமும் தட்டையாக ஓடாது.

அடிக்கனத்துக்கு உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒரு லாரி பிரேக் டிரம் எடுத்தேன். எடை மேடையில் 42 கிலோ, விளிம்பு விட்டம் 44 செ.மீ., உயரம் 21 செ.மீ. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு கனம் வேறு எதிலும் மலிவாகக் கிடைக்காது. வாங்கும்போது சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, டப்பென்று அடைத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உள்ளே ஒட்டியிருக்கும் கருப்புத் தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, ஈரமாகவே தேய்த்துக் கழுவ வேண்டும்.

நான் நேராகக் குழாயை டிரம்மின் மேல் வைத்து வெல்டு அடிக்கத்தான் இருந்தேன். தெருமுனையில் லேத் வைத்திருக்கும் தம்பி பார்த்துவிட்டு, “அண்ணா, இது வார்ப்பிரும்புங்க, சாதா ராடுல நிக்காதுங்க” என்றார். எனக்கும் தெரிந்த விஷயம்தான், அவசரத்தில் மறந்துவிட்டது. வார்ப்பிரும்பில் சாதாரண 6013 வெல்டிங் ராடால் அடித்தால் பார்வைக்குப் பிடித்ததுபோல இருக்கும். ஆறும்போது தையலின் ஓரத்தில் ‘டிக்’ என்று விரிசல் விடும். அதற்கென்று நிக்கல் ராடு உண்டு, விலை அதிகம், டிரம்மைச் சூடேற்றி மெதுவாக ஆறவைக்கவும் வேண்டும். அதைவிட நல்ல வழி, டிரம்மை வெல்டு செய்யாமலேயே இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிவிடுவது.

டிரம்மின் மூடிய பக்கத்தில் வீல் போல்ட்டுக்கான ஓட்டைகள் வட்டமாக இருக்கும். வாய்ப்பக்கம் தரையைப் பார்க்கக் கவிழ்த்தால் அந்த ஓட்டைகள் மேலே வரும். டிரம்முக்கு மேலே 30 × 30 செ.மீ., 10 மி.மீ. தகடு (குழாய் இதன்மேல்தான் நிற்கும், இதைக் கீழ்த்தகடு என்கிறேன்), டிரம்முக்குக் கீழே அடித்தகடு. ஒன்றுக்கொன்று எதிரான நான்கு ஓட்டைகள் வழியாக எம்16 திரெட்டு ராடு (16 மி.மீ. மரை போட்ட கம்பி) நான்கு, கீழ்த்தகட்டிலிருந்து அடித்தகடு வரை இறங்கும். அடித்தகட்டின் மேல்முகத்தில், டிரம்மின் உட்பக்கமாக வரும் இடத்தில், நான்கு எம்16 நட்டுகளை வெல்டு செய்துவிடுங்கள். அப்போது தகட்டின் அடியில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, தரையில் அப்படியே படுக்கும். ராடுகளை மேலிருந்து திருகி, மேலே வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினால் டிரம் அசையாது.

இந்த அடித்தகடு என் முதல் திட்டத்தில் இல்லை. டிரம்மை அப்படியே தரையில் உட்கார வைத்திருந்தேன். மூன்றாவது நாள் முக்கால் இன்ச் குழாயின் யூனியனை (இரண்டு குழாயைச் சேர்க்கும் திருகு இணைப்பு) கழற்ற, அதை வைஸில் பிடித்து, பைப் ரெஞ்சை என் பக்கமாக இழுத்தேன். ஸ்டாண்டு மொத்தமாக என்மேல் சாய்ந்தது. தோளைக் கொடுத்துத் தாங்கியதால் காலில் விழவில்லை. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிரம், குழாய், தகடுகள், வைஸ் எல்லாம் சேர்த்து அப்போது 81 கிலோ. சாயும்போது அது டிரம்மின் விளிம்பில் திரும்பும், மையத்திலிருந்து விளிம்புக்கு 22 செ.மீ. இழுப்பதோ 104 செ.மீ. உயரத்தில். 81ஐ 22ஆல் பெருக்கி 104ஆல் வகுத்தால் 17 கிலோ வருகிறது. ஒரு நல்ல ரெஞ்சை இழுக்கும் ஆளுக்கு 17 கிலோ ஒன்றுமே இல்லை. கிளாம்பெல்லாம் தொங்கவிட்டு, குழாயில் மணல் நிரப்பினாலும் 108 கிலோதான். அப்போதும் 23 கிலோவுக்குள் சாய்ந்துவிடும். கனத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

பயன் தந்தது அடித்தகடு. 50 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளம், 6 மி.மீ. செக்கர் பிளேட் (வழுக்காமல் இருக்க மேடு போட்ட இரும்புத் தகடு), கிட்டத்தட்ட 19 கிலோ. டிரம் பின்பக்கம் உட்காரும், முன்னால் 36 செ.மீ. காலியாக இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் ஏறி நின்று வேலை செய்ய வேண்டும். கை வைஸை எவ்வளவு இழுக்கிறதோ, கால் அதே அளவு தகட்டை எதிர்ப்பக்கமாக உதைக்கிறது. இரண்டும் ஒரே உடம்புக்குள் அடங்கிப்போகிறது. உங்கள் எடை தகட்டுக்கு வெளியே சாயாதவரை ஸ்டாண்டும் சாயாது. தகட்டைப் போட்ட பிறகு அதே யூனியனை அதே ரெஞ்சால் கழற்றினேன், ஸ்டாண்டு இம்மியும் அசையவில்லை. ஒன்று மட்டும் கவனம்: தரையில் நின்றுகொண்டு பக்கவாட்டில் இழுத்தால் பழைய கணக்குதான், சாயும். 6 மி.மீ. கனம்தான் என்பதால் வேலை இல்லாத நேரத்தில் கார் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கிக்கொள்ளும். நீங்களும் அதே தகட்டில் நிற்பதால் உயரக் கணக்கும் மாறாது.

சரி, குழாய்க்கு வருவோம். 100 × 100 மி.மீ. சதுரக் குழாய், 5 மி.மீ. கனம். நீளம் கணக்கிடுவது கழித்தல்தான்: 104லிருந்து வைஸின் உயரம் 17, மேல்தகடு 1.2, கீழ்த்தகடு 1, டிரம் 21 போனால் 63.8 செ.மீ. என் வைஸ் 17 செ.மீ., உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். குழாயைக் கடையிலேயே கட்டிங் மெஷினில் நேராக வெட்டித் தரச் சொல்லுங்கள். கிரைண்டரில் கையால் வெட்டினால் கோணல் வரும், அந்தக் கோணல் மேலே வைஸ் வரைக்கும் போகும். கால்வனைஸ் குழாய் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், வெல்டு செய்யும்போது வரும் துத்தநாகப் புகை காய்ச்சலே கொண்டுவந்துவிடும்.

மேல்தகடு 25 × 30 செ.மீ., 12 மி.மீ. கனம். வைஸை அதில் வைக்கும் இடம் முக்கியம். நகராத தாடையின் உள்முகம் தகட்டின் முன்விளிம்பைத் தாண்டி 5 மி.மீ. வெளியே இருக்க வேண்டும். அப்போதுதான் நீளமான பட்டையையோ குழாயையோ செங்குத்தாகப் பிடித்தால் அது தகட்டில் இடிக்காமல் கீழே இறங்கும். இந்த ஸ்டாண்டில் 80 செ.மீ. வரை நேராகத் தொங்கும், அதற்குக் கீழே டிரம் இருக்கிறது. அதைவிட நீளமானதைப் படுக்கவைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

வைஸைத் தகட்டில் வைத்து, அதன் ஓட்டைகளுக்குள் மார்க் செய்து, சென்டர் பஞ்ச் அடித்து, முதலில் 5 மி.மீ., பிறகு 13 மி.மீ. டிரில் ஓட்டுங்கள். 12 மி.மீ. தகட்டில் கைமெஷினால் ஓட்டும்போது வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டுக்கொண்டே அழுத்த வேண்டும். சுருள் நீளமாக வந்தால் சரியாகப் போகிறது. பொடியாக உதிர்ந்தால் பிட் மழுங்கிவிட்டது. தகட்டின் நடுவிலும் ஒரு 13 மி.மீ. ஓட்டை போடுங்கள். அது எதற்கென்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

குழாய்க்கும் மேல்தகட்டுக்கும் இடையே முக்கோணத் தாங்கு நான்கு வேண்டும், 8 மி.மீ. தகட்டில், 8 செ.மீ. அளவில். நான் முதலில் அவற்றைக் குழாயின் மூலைகளிலிருந்து குறுக்காக வைத்து அடித்துவிட்டேன். வைஸ் போல்ட்டை இறக்கிப் பார்த்தால் இரண்டு நட்டு நேராகத் தாங்கின் மேலேயே உட்கார்ந்தது. ஸ்பேனர் போக வழியில்லை. வெட்டி எடுத்துத் தேய்க்க அரைநாள் போனது. குழாயின் ஒவ்வொரு முகத்துக்கும் நடுவில் வையுங்கள், டேக் (தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் பொட்டு வெல்டு) அடிக்கும் முன்பே எம்12 போல்ட்டை மாட்டி, நட்டில் ஸ்பேனரைப் போட்டுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

வெல்டு செய்யும் முறை: வைஸைக் கழற்றி ஓரமாக வையுங்கள். மாட்டியபடியே அடித்தால் தெறிக்கும் பொறி அதன் திருகில் ஒட்டிக்கொள்ளும். தகட்டைக் கவிழ்த்து, அதன்மேல் குழாயை நிறுத்தி, நான்கு முகத்திலும் சின்னச் சின்ன டேக். பிறகு மூலைமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். கோணல் இருந்தால் இப்போதே சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிடலாம், முழுத் தையல் போட்ட பிறகு எதுவும் செய்ய முடியாது. அடுத்து ஒரு முகம், அதற்கு எதிர்முகம் என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டு போனால் வெல்டு ஆறும்போது அந்தப் பக்கமாகக் குழாயை இழுத்துவிடும். நான் 3.15 மி.மீ. 6013 ராடு, 115 ஆம்பியரில் அடித்தேன். குழாயின் மறுமுனையில் கீழ்த்தகட்டையும் அடித்து இரண்டு முனையும் அடைபடும்போது உள்ளே சூடான காற்று வெளியேற இடம் வேண்டும், இல்லாவிட்டால் கடைசித் தையலை ஊதி ஓட்டையாக்கிவிடும். நடுவில் போட்ட 13 மி.மீ. ஓட்டையின் முதல் வேலை அது.

இரண்டாவது வேலை, மணல். வேலை எல்லாம் முடிந்ததும் அதன் வழியாக எம்சாண்டைப் புனல் வைத்து நிரப்பினேன். சலித்து, வெயிலில் இரண்டு நாள் காயவைத்த மணல். ஈரம் இருந்தால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். எட்டு கிலோ பிடித்தது. சுத்தியலால் வைஸில் அடித்தால் முன்பு கோயில் மணி மாதிரி குழாய் அதிரும், இப்போது ‘தொம்’ என்று அடங்கிவிடுகிறது. வைஸை மாட்டியதும் ஓட்டை அதன் அடியில் மறைந்துவிடும்.

கிளாம்ப் மாட்டும் வேலையை மணலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். குழாயின் முன்முகத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், அங்கே முழங்கால் வரும். மீதி மூன்று முகம் நமக்கு. இடது பக்கம் எஃப் கிளாம்ப், நீளக் கம்பியில் தாடை நகரும் வகை. 25 × 5 பட்டையில் 14 செ.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு, இடையில் 10 மி.மீ. சந்து விட்டு, குழாயிலிருந்து கைபோல நீட்டி வெல்டு செய்யுங்கள். கிளாம்பின் கம்பி சந்துக்குள் இறங்கும், தலை மேலே உட்காரும். நுனியில் ஒரு பொட்டு வெல்டு வைத்தால் நழுவி விழாது. ஐந்து கிளாம்ப் பிடிக்கும், 18 இன்ச் வரை. 24 இன்ச் கிளாம்பை இங்கே திணிக்காதீர்கள், கீழே டிரம்மில் இடிக்கும், அது சுவருக்குப் போகட்டும்.

வலது பக்கம் ஜி கிளாம்ப். 12 மி.மீ. கம்பி இரண்டு, ஒன்றின் கீழ் ஒன்று, நுனி கொஞ்சம் மேலே தூக்கியபடி. கனமான 8 இன்ச் கிளாம்ப் கீழ்க்கம்பியில், 4 இன்ச் மேலே. வெல்டு செய்யும் முன் கிளாம்பைக் கையில் பிடித்து, சாக்பீஸால் குழாயில் கோடு போட்டு, திருகின் கைப்பிடி காலில் தட்டுகிறதா என்று நின்று பாருங்கள். பின்முகத்தில் சின்னத் தட்டு ஒன்று, அதில் தாடைக்குப் போடும் அலுமினிய ஆங்கிள் துண்டும் கம்பி பிரஷும். என் கிளாம்ப் மொத்தம் 19 கிலோ, எல்லாம் ஒன்றரைச் சதுர அடியில் அடங்கிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வைஸுக்கு நேர்கீழே கிளாம்ப் தொங்கினால் அரப்பொடி எல்லாம் அதன் திருகில்தான் விழும். எண்ணெய் பூசிய திருகில் இரும்புப்பொடி விழுந்தால் அரைத்த விழுதுபோல ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் மரையைத் தின்னும். அதனால் மேல்தகட்டின் அடியில் 1 மி.மீ. தகட்டில், இடம், வலம், பின் என்று மூன்று பக்கமும் 10 செ.மீ. வெளியே நீளும் ஒரு கூரை மாதிரி செய்து, ஓரத்தை மேல்நோக்கி மடித்து மாட்டியிருக்கிறேன். பொடி அதில் தேங்கும், சாயங்காலம் பழைய பெயின்ட் பிரஷால் தள்ளி எடுத்துவிடுவேன்.

பெயின்ட்டுக்கு ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே எனாமல் இரண்டு கோட். வைஸ் உட்காரும் இடத்தில் மட்டும் பூசாதீர்கள், இறுக்கிய பிறகு பெயின்ட் நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். வைஸ் போல்ட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். முதல் வாரம் வேலை செய்த பிறகு எம்16 நட்டு நான்கையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், என்னுடையதில் இரண்டு நட்டு மட்டும் கால் சுற்று வாங்கியது. அதன் பிறகு தளரவில்லை. இடத்தை மாற்ற வேண்டுமானால் கிளாம்பை எல்லாம் கழற்றிவிட்டு, கடப்பாரையால் தகட்டை நெம்பி, அடியில் இரண்டு பைப் துண்டைக் கொடுத்து உருட்டுங்கள். இரண்டு பேர் வேண்டும். நானும் மச்சானும் அப்படித்தான் வாசலிலிருந்து மூலைக்குக் கொண்டுபோனோம்.