காப்பகத்துக்காக நிதி திரட்டும் விழாவா? இந்தத் தவறுகள் வேண்டாம்

விலங்குகள் காப்பகத்துக்காக விருந்தும் ஏலமுமாக ஒரு மாலை விழா நடத்துவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. மண்டபம் பிடிக்க வேண்டும், ஸ்பான்சர்களைப் பார்க்க வேண்டும், யார் எந்த மேசை என்று முடிவுசெய்ய வேண்டும். இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி கைநழுவிப் போய்விடுகிறது. மறுநாள் காலை காப்பகத்தின் கூண்டுகளில் இருக்கும் நாய்க்கும் பூனைக்கும் இந்த விழாவால் என்ன கிடைத்திருக்கும்? நான் பார்த்த தவறுகள் எல்லாம் இந்தக் கேள்வியை மறந்த இடத்தில்தான் தொடங்கின.

என் மனதை அதிகம் உறுத்தும் தவறு, விலங்குகளை மண்டபத்துக்குக் கூட்டிவருவது. நேரில் பார்த்தால் மனம் இளகும், பணம் சேரும் என்று நினைக்கிறார்கள். நான் தன்னார்வலராக இருந்த ஒரு விழாவில் நாங்களும் ஒரு நாயை மேடையேற்றினோம். ஒலிபெருக்கி அலறியதும் அது வாலை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டு, உதட்டை நக்கியபடி அசையாமல் நின்றது. எவ்வளவு சாது என்று கூட்டம் கைதட்டியது. அது சாதுவாக நிற்கவில்லை, பயத்தில் உறைந்திருந்தது. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை, பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். நமக்கே இரைச்சலான மண்டபம் அவற்றுக்கு எப்படி இருக்கும்!

குட்டிகளைக் கொண்டுவருவது இன்னும் மோசம். 16 வாரம் ஆகாத நாய்க்குட்டிக்குப் பெரும்பாலும் தடுப்பூசித் தவணைகள் முடிந்திருக்காது. நாய்க்குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் செருப்பிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு வரும், மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். பலர் கைமாற்றித் தூக்கிக் கொஞ்சிய குட்டியைத் திரும்பக் கொண்டுபோய் மற்ற குட்டிகளோடு விட்டால் எல்லாவற்றுக்கும் ஆபத்து. காப்பகத்திலேயே, தன்னைப் பராமரிப்பவரோடு அது விளையாடுவதை இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துத் திரையில் போடுங்கள். அது போதும்.

ஏல மேசையில் குட்டிகளை வைக்கவே கூடாது. தத்துக் கொடுப்பது என்றால் குடும்பத்தோடு பேச வேண்டும், வீட்டுச் சூழலைக் கேட்டறிய வேண்டும், அவர்கள் யோசிக்க அவகாசம் தர வேண்டும். கைதட்டலின் வேகத்தில் கையுயர்த்தியவரிடம் ஓர் உயிரை ஒப்படைத்தால், கொஞ்ச நாளில் அது காப்பகத்துக்கே திரும்பி வரக்கூடும்.

மேசை அலங்காரத்தில் லில்லி பூக்களும் வேண்டாம். வருகிறவர்களில் பலர் பூனை வளர்ப்பவர்கள், கிளம்பும்போது பூங்கொத்தை எடுத்துப்போவார்கள். லில்லியின் மகரந்தம் மேலே பட்டு, அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடலாம்.

அடுத்தது கணக்கு. திரண்ட மொத்தத் தொகையை மேடையில் அறிவிப்பார்கள், எல்லோரும் மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போவார்கள். மண்டபம், சாப்பாடு, ஒலி ஒளி, அச்சு என எல்லாம் கழித்து நிற்பதுதான் காப்பகத்தின் பணம். வந்த 100 ரூபாயில் 70 செலவாகிவிட்டால் நாய்களுக்கு 30 ரூபாய்தான். ஆகவே செலவுக்கு முதலில் ஓர் உச்சவரம்பு போடுங்கள். அந்தச் செலவை ஸ்பான்சர்கள் ஏற்ற பிறகுதான் டிக்கெட் விற்பனை தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. டிக்கெட் விலை ஒருவருடைய சாப்பாட்டுச் செலவைக்கூட ஈடுகட்டாத விழாக்கள் உண்டு. இலவச அழைப்பு அதிகமானாலும் இதே கதிதான். பல நாடுகளில் வரிச்சலுகைக்கான ரசீதில் விருந்தின் மதிப்பைக் கழித்துக்காட்ட வேண்டும். இதைக் கணக்காளரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

ஏலப் பொருள் நிறைய இருந்தால் பணம் நிறைய வரும் என்பதும் தப்புக்கணக்கு. விரும்புகிறவர்களைவிடப் பொருள்கள் அதிகமானால் எல்லாமே மலிவாகப் போகும். பத்தே பொருள், ஒவ்வொன்றுக்கும் போட்டிபோட நாலு பேர் என்று இருந்தால் நல்லது.

சரி, நேரடியாக நன்கொடை கேட்கும் நேரத்துக்கு வருவோம். மாலையின் உயிரே அதுதான், அதைத்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். உரைகள் நீண்டு, விருதுகள் கொடுத்து முடித்து, பாதிப் பேர் வண்டிச் சாவியைத் தேடும்போது கேட்டால் யார் தருவார்கள்? எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, விளக்கைக் கொஞ்சம் குறைத்து, ஒரே ஒரு விலங்கின் கதையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெரிய தொகையில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி வாருங்கள். அந்த முதல் தொகைக்குக் கையுயர்த்த ஒருவரிடம் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும். முதல் அழைப்பிலேயே மண்டபம் மௌனமாகிவிட்டால் அதற்குப் பிறகு மீள்வது கடினம். கேட்பதும் தெளிவாக இருக்கட்டும். பெண் பூனை 4 மாதத்திலேயே சினைப்படலாம், அதன் சினைக்காலம் வெறும் 2 மாதம்தான். இதைச் சொல்லிவிட்டு, இத்தனை கருத்தடை அறுவைச்சிகிச்சைக்கு இவ்வளவு என்று கேட்டால் கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று புரியும். ஆனால் ஒன்றுக்கென்று கேட்ட பணத்தை வேறொன்றுக்குச் செலவழிக்கக் கூடாது. சம்பளமும் மின்கட்டணமும்தான் உண்மையான தேவை என்றால் அதையே சொல்லிக் கேளுங்கள். கூண்டைக் கழுவும் கைக்குச் சம்பளம் இல்லாமல் எந்தக் காப்பகமும் நடக்காது.

கதை சொல்வதிலும் கவனம் வேண்டும். ரத்தமும் காயமுமாகப் படங்களை வரிசையாகக் காட்டினால் பலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். காயத்தை ஒரு முறை காட்டுங்கள், பிறகு அது ஆறி அந்த நாய் ஓடுவதைக் காட்டுங்கள். செல்லத்தைக் காப்பகத்தில் விட்டுச்சென்றவர்களை இரக்கமற்றவர்கள் என்று மேடையில் திட்டாதீர்கள். வேலை போய், வாடகை வீடு மாறி, உடம்பு முடியாமல், அழுதுகொண்டே விட்டுப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வசவைக் கேட்டவர் நாளை தனக்கு அப்படியொரு நிலை வந்தால் காப்பகத்துக்கு வரக் கூச்சப்பட்டு, நாயைத் தெருவில் விட்டுவிடலாம். அது யாருக்கு நல்லது?

காப்பக ஊழியர்களை அன்று இரவு பரிமாறவும் நாற்காலி தூக்கவும் விடுகிறார்கள். விடிந்தால் அவர்கள்தான் தீனி வைக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும். மண்டப வேலைக்குத் தன்னார்வலர்களைச் சேருங்கள். ஊழியர்கள் வந்தால் விருந்தினராக வரட்டும்.

அப்புறம், சொன்ன தொகையை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். பிறகு அனுப்புகிறேன் என்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் மறந்துவிடுகிறார். வாசலில் ஒரே ஒரு கார்டு மெஷினை வைத்து நீண்ட வரிசையில் நிற்கவைத்தாலும் கொடுக்க வந்தவர் நழுவிவிடுவார். மேசைக்கு மேசை கியூஆர் கோடு வையுங்கள்.

நன்றிக் கடிதம் இரண்டு நாளுக்குள் போக வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொன்று அனுப்புங்கள், பணம் கேட்காமல். அன்று திரையில் பார்த்த அந்த நாய் இப்போது யார் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது என்று ஒரு படம், இரண்டு வரி.